ஐம்பது சிசிக்குள் ஒரு வண்டி

ஒத்தக்கடை
25.10.2025, சனி இரவு

மீனா,

படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபேன் ஓடுவதால் பேனா சத்தம் வெளியே கேட்காது. பேனாவுக்கு என்னடி சத்தம் என்று நீ சிரிப்பாய். எனக்குக் கேட்கிறது.

இன்று காலையில் எங்கள் தெருமுனையில் உன் பெரியம்மா கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு அப்புறம் ஒரே நாள், அதுவும் லேட்டாக வந்ததோடு நீ ஏன் நின்றுவிட்டாய் என்று கேட்டேன். "மினி பஸ்ஸ நிப்பாட்டிட்டாய்ங்கல்ல ஆத்தா. அவ அப்பன் நவம்பர் முடியிற வரைக்கும் பாக்குறேன்னு இருக்கான். அதுக்குள்ள போக்குவரத்துக்கு ஒரு வழி ஆகலன்னா டிசிய வாங்கிருவானாம்" என்றார். சொல்லிவிட்டு, அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று கேட்டார். எனக்குக் கண் இருட்டிவிட்டது.

உன் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் தங்கப்பாண்டி அண்ணனோடு மார்க்கெட் மார்க்கெட்டாகச் சுற்றுகிறது. என் போனை அப்பா சாயங்காலமே வாங்கி வைத்துவிடுவார். அதனால்தான் கடிதம். பெரியம்மா கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். பக்கத்து ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார், நடமாடும் சட்டப் புத்தகம். ராத்திரி சாப்பிடும்போது, பசங்கள் ஸ்கூட்டியில் பள்ளிக்கு வருவதைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தார். "பதினாறு வயசுல கியர் இல்லாத வண்டிதான் ஓட்டலாம், அதுவும் ஐம்பது சிசிக்குள்ள. இன்னிக்கு எந்தக் கம்பெனி அப்படி வண்டி விக்குறான்? அம்புட்டும் நூறு சிசி. அப்புறம் எப்படி லைசென்ஸ் குடுப்பான்?" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஐம்பது சிசிக்குள் ஒரு வண்டி எங்கள் கார் ஷெட்டில் இருக்கிறது மீனா. எங்களிடம் கார் இல்லை. ஷெட்டில் இருப்பது ஒரு பச்சை சுவேகா.

அதை அப்பா நான்கு வருடம் முன்பு பழைய வண்டிக்காரரிடம் வாங்கினார். சைக்கிள் மாதிரி பெடல் இருக்கும், நடுவில் குட்டி இன்ஜின் தொங்கும். வண்டியைத் தன் பேருக்கு மாற்றினார், டயர், பெல்ட், ஒயர் எல்லாம் புதிதாக வாங்கிப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவே வேடிக்கை பார்க்க, ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தார். பனியன் நனைந்ததுதான் மிச்சம், வண்டி இருமக்கூட இல்லை. பக்கத்து வீட்டு ஜூடு அங்கிள், "சார், எக்சர்சைஸ் சைக்கிளா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரைப் போட்டு மூடியதுதான். அந்த வண்டியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது.

அதை ஓட வைத்தால் நீ வரலாம். உனக்குப் பதினாறு முடிந்துவிட்டது.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா அடிக்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். எட்டாவதில் அவருடைய கால்குலேட்டரை நான் உடைத்தபோது, ஒரு தவக்காலம் முழுக்க, நாற்பது நாள், என்னோடு பேசவில்லை. "உப்பை எடு" என்பதைக்கூட அம்மாவிடம்தான் சொல்வார்.

என்ன செய்யட்டும், சொல்.

ஆஷ்லின்


28.10.2025

ஏய் ஆஷ்லின்,

கிழிக்க மாட்டேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, காகிதம் போட்டால் அம்மா என்னைப் போட்டுவிடும்.

உன் கடிதத்தைக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். நான் ஆசைப்பட்டுவிட்டேன், இனிமேல் நீ பின்வாங்க முடியாது. நிலைமையைச் சொல்கிறேன். சைக்கிளில் போய்ப் பார்த்தேன். போய்ச் சேரும்போது முதல் பீரியட் முடிந்துவிட்டது. சாயங்காலம் கண்மாய்க் கரையில் வரும்போது கும்மிருட்டு, நாய்கள் வேறு. இரண்டாம் நாள் அப்பா சைக்கிளைப் பூட்டிவிட்டது. வீட்டில் எக்ஸ்எல் இருக்கிறது. உரமூட்டை ஏற்றிக் காட்டுக்குள் நானே ஓட்டுவேன். ரோட்டில் ஏற்ற முடியாது, அது நூறு சிசி. எங்கள் ஊர்ச் சின்னச்சாமி பையன் ஓட்டி மாட்டி, சின்னச்சாமியைக் கோர்ட் வரைக்கும் இழுத்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் அப்பா போலீஸ் தொப்பியைக் கண்டாலே வேறு தெருவில் திரும்பிவிடும். பக்கத்துப் பள்ளியில் நம் குரூப்பே இல்லை. "படிச்ச வரைக்கும் போதும்ல" என்று இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

இனி வேலை. அப்பாவின் பவர் ஸ்பிரேயருக்கு நான்தான் கையாள். முதுகில் மாட்டி மருந்தடிப்பதே அதுதான். அதிலும் உன் சுவேகா மாதிரி குட்டி இன்ஜின். அது மக்கர் செய்தால் அப்பா இரண்டு இடத்தைத்தான் பார்க்கும். நெருப்பு வருகிறதா, பெட்ரோல் வருகிறதா. நீயும் அதையே பார்.

முதலில் பிளக்கைக் கழற்று. கரி பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய். பிறகு அதை ஒயரின் தொப்பியிலேயே மாட்டி, பிளக்கின் இரும்பு இன்ஜினில் படும்படி வைத்துவிட்டு, பெடலை மிதி. நுனியில் நீலமாகப் பொறி வர வேண்டும். பகலில் தெரியாது, ஷெட்டின் கதவைச் சாத்திக்கொள்.

அப்பா வீட்டில் இல்லாத நேரம் எது? அதைக் கண்டுபிடி. பயப்படுவதை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்.

மீனா


02.11.2025, ஞாயிறு இரவு

மீனா,

நெருப்பு வருகிறது. நீலமாக, ஊசி முனை அளவு, டிக் டிக் என்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். அப்பாவும் அம்மாவும் பூ, மெழுகுவர்த்தி எல்லாம் எடுத்துக்கொண்டு தாத்தா கல்லறைக்குப் போனார்கள். நான் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். தாத்தா மன்னிக்கட்டும். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் ஷெட்டுக்கு ஓடினேன்.

ஃபிளெக்ஸை இழுத்ததும் ஒரு பல்லி என் கை மேல் விழுந்தது. கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன். பிளக் ஸ்பேனர் அப்பாவின் பெட்டியிலேயே இருந்தது. அப்பா கருவிகளை அளவு வாரியாக அடுக்கி வைத்திருப்பார், எதை எடுத்தாலும் அதே இடத்தில் அதே பக்கம் பார்த்து வைக்க வேண்டும். எடுக்கும் முன்பு ஒவ்வொன்றையும் மனதுக்குள் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

நீ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டாய். பிளக்கை இன்ஜினில் வைக்கச் சொன்னாய், கையை எடுக்கச் சொல்லவில்லை. நான் பிடித்துக்கொண்டே மிதித்தேன். தோள் வரைக்கும் உதறியது. கீழே உட்கார்ந்துவிட்டேன். எழுந்ததும் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? கரண்ட் இருக்கிறது, வண்டி சாகவில்லை என்றுதான்.

அடுத்து கார்பரேட்டர். பழைய பெட்ரோல் காய்ந்து, உள்ளே பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. அம்மாவின் ஊசியால் அந்தச் சின்னத் துளையைக் குத்தி, வாயால் ஊதினேன். இன்னும் நாக்கில் அந்தக் கசப்பு இருக்கிறது.

எல்லாம் மாட்டி, பக்கத்தில் இருந்த ஸ்கூட்டரிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து ஊற்றலாம் என்று போனேன். அதற்குள் தெருவில் அவர்கள் போன ஆட்டோவின் ஹாரன். பேனரை மூடிவிட்டு, கட்டிலுக்கு ஓடி, போர்வைக்குள் போய்விட்டேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. "வயித்து வலிக்கு கையெல்லாம் கிரீஸா?" என்று கேட்டது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அம்மா உள்ளே போனது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அப்பா கை கழுவுறதுக்குள்ள தொடச்சுக்க" என்று மட்டும் சொன்னது.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா? அப்பாவிடம் சொல்லிவிடுமா? தூக்கம் வரவில்லை.

ஆஷ்லின்


05.11.2025

ஆஷ்லின்,

நல்ல வேளை, உனக்கு ஹாரன் கேட்டது. ஸ்கூட்டர் பெட்ரோலை அப்படியே ஊற்றியிருந்தால் வண்டி நிஜமாகவே செத்திருக்கும். இந்த மாதிரி இன்ஜினுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் பிஸ்டன் சூடேறி உள்ளேயே பிடித்துக்கொள்ளும். ஸ்பிரேயருக்குக் கலந்து வைத்ததில் ஒரு தண்ணீர் பாட்டில் நிறைய அனுப்பியிருக்கிறேன். கத்தரிக்காய் மூட்டைக்கு நடுவில் இருக்கும். ஷாக்குக்கு ஸாரி. எனக்கும் முதல் தடவை அடித்தது. எல்லோருக்கும் ஒரு தடவை அடித்தால்தான் பழகும் என்று அப்பா சொல்லும்.

இன்னொன்று. நேற்று ஸ்பிரேயர் திடீரென்று நின்றுவிட்டது. நெருப்பு இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, இழுத்து இழுத்து அப்பாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. கடைசியில் பார்த்தால், புகை வரும் ஓட்டையில் குளவி மண்ணை வைத்துக் கூடு கட்டியிருக்கிறது. புகை வெளியே போக முடியாவிட்டால் இன்ஜின் மூச்சு முட்டி நின்றுவிடும். உங்கள் வண்டி நான்கு வருடம் சும்மா நிற்கிறது. அதற்கு முன் பழைய வண்டிக்காரரிடம் எத்தனை வருடம் நின்றதோ. சைலன்சருக்குள் குடைக்கம்பியை விட்டுப் பார்.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்று பெரியம்மா சொல்கிறது. எதற்கும் உன் அம்மாவிடம் கேட்டுக்கொள்.

மீனா


08.11.2025, சனி இரவு

மீனா மீனா மீனா,

பிறந்துவிட்டது. அழுகைச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். முதலில் கத்தரிக்காய். உன் பெரியம்மாவிடம் ஜூடு அங்கிள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, காய்ல பெட்ரோல் வாசம் வருது?" உன் பெரியம்மா அசரவில்லை. "மருந்தடிச்ச காய்தான உங்களுக்குப் பளபளன்னு வேணும். வாசத்தோட வந்துருக்கு, எடுத்துக்கங்க" என்றார். பாட்டில் என் பைக்குள் வந்தது ஜூடு அங்கிளுக்குத் தெரியாது.

அப்பா சிறப்பு வகுப்புக்குப் போய்விட்டார். ஷெட்டைத் திறந்தேன். பேனரைத் தூக்கினேன். மீனா, சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தது. பழைய சீட் கிழிந்து பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது எங்கள் வீட்டு சோபாத் துணியின் மிச்சத்தில், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். திரும்பினால் அம்மா கதவருகில் நிற்கிறது. "ரெண்டு கதவையும் தொறந்து வச்சுக்க. புகை அடைக்கும்" என்றது. அவ்வளவுதான்.

குடைக்கம்பியைச் சைலன்சருக்குள் விட்டேன். உள்ளே போகவே இல்லை, சுவரில் இடிப்பது மாதிரி நின்றது. குத்தினேன். மண். இன்னும் குத்தினேன். கட்டி கட்டியாகச் செம்மண், காய்ந்த புழுக்கூடுகள், ஒரு செத்த குளவி. அம்மா முறத்தைக் கொண்டுவந்து பிடித்தது. அப்பா எல்லாவற்றையும் சரி செய்து, கடைசியில் ஒரு குளவியிடம் தோற்றிருக்கிறார்.

பெட்ரோலை ஊற்றினேன். ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்தேன். இடது கைப்பிடியில் ஒரு குட்டி லீவர் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு மிதிக்க வேண்டும், சக்கரம் வேகமெடுத்ததும் விட வேண்டும். அப்பா செய்ததைப் பார்த்திருக்கிறேன். மிதித்தேன், விட்டேன். பொடுக் என்றது. மறுபடி. பொடுக் பொடுக். மூன்றாவது முறை வண்டி என் காலைத் தூக்கி எறிந்துவிட்டு, தானாகவே ஓட ஆரம்பித்தது.

நான்கு வருடத்துப் புகை, மீனா. வெள்ளை வெள்ளையாக ஷெட்டை நிரப்பி, கேட்டைத் தாண்டி, தெருவுக்குப் போய்விட்டது. சத்தமும் கூடவே போனது. மாடி வீட்டு அக்கா கத்தியது: "கொசு மருந்து வண்டி வந்துருச்சு, ஜன்னல அடைங்க, மாவ மூடுங்க." தெருவில் படபடவென்று ஜன்னல்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் கேட்டுக்கு ஓடிவந்து புகைக்குள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஜூடு அங்கிள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மழை விட்டதும் வந்துட்டாய்ங்க பாரு. இப்பத்தான் பஞ்சாயத்து ஒழுங்கா வேலை பாக்குது" என்றார். அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டது.

அப்போது புகைக்குள்ளிருந்து அப்பா வந்தார். வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

எனக்கு வண்டியை நிறுத்தத் தெரியவில்லை. ஓடவும் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்த்தார். கிட்டே வந்து குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு மெதுவாக, "எப்படி?" என்றார். "சைலன்சர்ல குளவிக்கூடு இருந்துச்சுப்பா" என்றேன். முறத்தைப் பார்த்தார். என்னை இறங்கச் சொன்னார். தோளில் பையோடு ஏறி, ஸ்டாண்டை எடுத்து, கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். தெருக்கோடி வரைக்கும், திரும்பி, மறுபடி கோடி வரைக்கும். பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடின. ஜூடு அங்கிள், "என்ன சார், எக்சர்சைஸ் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நான் அப்பாவின் கடைவாய்ப் பல்லை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

உனக்காக என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிடுவேன். இன்றைக்கு அவர் சந்தோஷமாக இருக்கட்டும்.

ஆஷ்லின்


14.11.2025

ஆஷ்லின்,

கொசு மருந்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏண்டி, சிட்டிக்காரப் பிள்ளைய ஷாக் அடிக்க வச்சு வண்டி செஞ்சிருக்கியா?" என்று தலையில் குட்டிவிட்டு, அடுத்த நாளே கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிப் போனது. அப்பாவைக் கையெழுத்துப் போட வைக்கத்தான் பெரிய பாடு. "வண்டியே வரல, லைசென்சு எதுக்கு?" என்றது. ஐம்பது சிசி, பதினாறு வயது, போலீஸ் பிடிக்காது என்று அண்ணன் சட்டம் பேசியது. போலீஸ் பிடிக்காது என்ற வார்த்தையில்தான் அப்பாவின் பேனா இறங்கியது. எல்எல்ஆர் வாங்கிவிட்டேன். போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

"வண்டி வாசல்ல வந்து நிக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்கிறது அப்பா. எப்போது வந்து நிற்கும்? அண்ணனின் குட்டியானை வண்டி தினமும் மாட்டுத்தாவணிக்குக் காய் கொண்டுபோய்விட்டு வெறுமனேதான் திரும்புகிறது. நாளைக்கே ஏற்றிவிடலாம்.

மீனா


19.11.2025

மீனா,

இன்னும் சொல்லவில்லை.

கோபப்படாமல் படி. வண்டி ஓடிய அன்றைக்கு ராத்திரி அப்பா அம்மாவிடம் பேசியதைக் கேட்டேன். "எனக்காகப் பண்ணிருக்கு பாத்தியா. நான் நாலு வருஷமா அந்தப் பக்கமே திரும்பல. அது மனசுல வச்சிருந்திருக்கு" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அம்மா என்னைப் பார்த்தது. நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

இப்போது தினமும் சாயங்காலம் அப்பா அதைத் துடைக்கிறார். எஃப்சி காட்டிவிட்டார், இன்சூரன்ஸ் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதில்தான் போனார், நானும் அம்மாவும் ஆட்டோவில். கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஃபாதர் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். "என் பொண்ணு எனக்காகச் சரி பண்ணிக் குடுத்தது ஃபாதர்" என்று அப்பா சொன்னார். எல்லோரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

முன்பு அப்பா பேசாமல் போய்விடுவார் என்று பயந்தேன். இப்போது அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். பள்ளிக்குப் போகும்போது ஸ்கூட்டரில் முழு வழியும் சுவேகா கதைதான். அதற்கு நடுவில் எந்த இடத்தில் நிறுத்தி, "அப்பா, அது உங்களுக்காக இல்லை" என்று சொல்வது? தினமும் ஒரு சிக்னலைக் குறித்து வைக்கிறேன். சிக்னல் தாண்டிவிடுகிறது.

எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடு.

ஆஷ்லின்


21.11.2025

ஆஷ்லின்,

நாள் என்னிடம் இல்லை, அப்பாவிடம் இருக்கிறது. டிசம்பர் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை டிசி வாங்க வருகிறது. அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ள எடுத்து வைத்துவிட்டது.

உன் அப்பா வண்டி. உன் அப்பா சந்தோஷம். நான் குறுக்கே வரவில்லை. விட்டுவிடு.

எல்எல்ஆரை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

மீனா


26.11.2025, இரவு

மீனா,

உன் கடிதம் வந்ததிலிருந்து இரண்டு தடவை அப்பா முன்னால் போய் நின்றேன். "என்னம்மா?" என்றார். இரண்டு தடவையும், "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்கு வாய் வராது. இந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டது ஒன்றுதான், கை வரும்.

இந்தக் கடிதத்தோடு துணியில் சுற்றி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். அதுதான் பிளக். சாயங்காலம் அப்பா குளிக்கும்போது கழற்றினேன். அந்த ஓட்டையில் எதுவும் விழாமல் சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறேன். ஸ்பேனரை அதே இடத்தில் வைக்கவில்லை. பெட்டிக்கு மேல், வெளியே, தெரிகிற மாதிரி வைத்துவிட்டேன்.

நாளைக்குத் துடைக்கும்போது கவனிக்காவிட்டாலும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வண்டியை எடுப்பார். பிளக் இல்லை என்று பார்ப்பார். யார் எடுத்தது என்று கேட்பார். அப்போது நான் பேசித்தான் ஆக வேண்டும். தப்பிக்க வழியில்லாதபடி என்னை நானே பூட்டிக்கொண்டிருக்கிறேன்.

பத்திரமாக வைத்துக்கொள். கீழே போட்டால் அதன் பீங்கான் விரிசல் விடும்.



ஆஷ்லின்


29.11.2025, சனி மதியம்

ஆஷ்லின்,

இந்தக் கடிதத்தை உன் அப்பாவே கொண்டு வருகிறார். ஒட்டவில்லை, மடித்துத்தான் கொடுக்கப் போகிறேன். அவர் இப்போது எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் இரண்டாவது சொம்பு மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலையில் உங்கள் தெருமுனையில் காயை இறக்கும்போது, உன் அப்பா சுவேகாவைத் தள்ளிக்கொண்டு வந்து அண்ணனிடம், "தம்பி, மீனா வீட்டுக்கு இத ஏத்தணும்" என்றாராம். காலி மூட்டைகளுக்கு நடுவில் வண்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து வந்திருக்கிறார். செக்கானூரணி தாண்டி எங்கள் ஊர் விலக்கில் அண்ணனுக்கு வேறு லோடு இருந்தது. "நீங்க போங்க தம்பி, நான் மிதிச்சுக்குறேன்" என்று இறங்கிவிட்டார். இன்ஜினைத் தனியாக விட்டுவிட்டால் சைக்கிள் மாதிரி மிதிக்கலாமாம். சைக்கிளா அது, ஆட்டுக்கல். கண்மாய்க் கரை முழுக்க மிதித்து வந்திருக்கிறார். பின்னால் இரண்டு நாய். ஊருக்குள் வந்ததும் பிள்ளைகள், "என்ன சார், பெட்ரோல் தீந்துருச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லப்பா, பிளக் தீந்துருச்சு" என்றாராம்.

வந்ததும், "மீனா யாரு?" என்றார். "நான்தான் சார்." "எம் பிளக் உங்கிட்ட இருக்காமே." கடுகு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, அவரே மாட்டினார். மாட்டிக்கொண்டே, "இந்த வழியிலயா ஸ்கூலுக்கு வர்ற?" என்றார். ஆமாம் சார் என்றேன். பிறகு, என்னைப் பார்க்காமல், "ஆஷ்லின் ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?" என்றார்.

நான் உன்னை மாதிரி இல்லை. சொல்லிவிட்டேன். "பயம் சார்."

"எதுக்குப் பயம்? நான் என்னைக்காவது அடிச்சிருக்கேனா?"

"அடிக்க மாட்டீங்களாம் சார். பேச மாட்டீங்களாம்."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வந்திருந்த பெரியம்மாதான், "பாருங்க, இப்பக்கூடப் பேச மாட்டேங்குறாரு" என்றது. அப்பா சிரிப்பை அடக்கித் துண்டை வாயில் வைத்தது, அம்மா சிரித்தது, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாக இருக்கலாம். நான் பக்கத்தில் இருந்தேன், வியர்வை இல்லை.

பிறகு என் அப்பாவிடம் சொன்னார்: "வண்டி எம் பேர்லயே இருக்கட்டும். பேப்பரெல்லாம் பக்கா. பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் ஓட்டட்டும்." எங்கள் அப்பா இழுத்தது. "அதுக்கில்ல சார், பொட்டப்புள்ள தனியா வண்டியில... நான் டிசி வாங்க திங்கக்கிழம வாரேன்னு..." உன் அப்பா விடவில்லை. "தாராளமா வாங்க. மீனா இதுல முன்னால வரட்டும், நீங்க எக்ஸ்எல்ல பின்னாலயே வாங்க. ஸ்கூல் வாசல் வரைக்கும் பாருங்க. வந்து சேந்தப்புறமும் டிசி வேணும்னு தோணுச்சுன்னா நானே கூட வந்து வாங்கித் தாரேன்." அப்பா தலையைச் சொறிந்தது. பிறகு வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, "லைட்டு எரியுதா சார்?" என்று கேட்டது. எனக்கு அது போதும்.

சற்று முன் கண்மாய்க் கரையில் ஒரு சுற்று ஓட்டினேன். நாய்கள் பின்வாங்கிவிட்டன. சத்தம் அப்படி. மேட்டில் கொஞ்சம் மிதித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உன் அம்மா தைத்த சீட் மெத்தென்று இருக்கிறது. நீ வாங்கிய ஷாக் வீண் போகவில்லை. ஆஷ்லின், காது ஓரம் காற்று போகும்போது நான் தனியாகக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நேரில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னால் சைக்கிள் ஸ்டாண்டில் நில்.

மீனா


30.11.2025, ஞாயிறு இரவு

மீனா,

இதைக் கிழிக்க வேண்டாம். கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு, மேசையில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் எல்லாவற்றையும் சொன்னபோது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோதும் பேசவில்லை. பழைய இரும்பு வாங்கும் ஆக்கருக்கு விற்கப் போகிறார் என்று நினைத்துப் பகல் முழுக்க அழுதேன். சாயங்காலம் பேருந்தில் வந்து இறங்கினார், முழங்கால் வரைக்கும் செம்மண். உன் கடிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "நான் படிக்கல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உப்ப எடும்மா" என்றார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டது. நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது மீனா.

இப்போது அவர் எதிரில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறார். நடு நடுவில் தலையைத் தூக்கி எனக்குச் சொல்லித் தருகிறார். "எழுதிக்க. மழை பேஞ்சா ஆக்சிலேட்டர டக்குன்னு முறுக்கக் கூடாது. பெல்ட்ல தண்ணி பட்டா வழுக்கும்." எழுதிவிட்டேன். "வாரம் ஒருக்க செயினுக்கு எண்ணெய்." எழுதிவிட்டேன். "நாகமலை வளைவுல லாரிக்காரன் ஒதுங்க மாட்டான், நாமதான் ஒதுங்கணும்." எழுதிவிட்டேன்.

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து பிளக்கத் தொடச்சுக் குடுப்பேன்னு எழுது. நீயும் வா, உனக்குத்தான் அதோட ஷாக் பழக்கம்."

அவருக்கு ஷாக் பற்றி எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. படிக்கவில்லை என்று சொன்னவரைக் கேட்க எனக்கு இன்னும் அவ்வளவு தைரியம் வரவில்லை.

இப்போது மறுபடி தலையைத் தூக்குகிறார். "காலையில நேர்லயே பாக்கப் போறீங்க. இத எப்பக் குடுக்கப் போற?"

"சைக்கிள் ஸ்டாண்டுலப்பா. கையில."

ஆஷ்லின்